வீரமணிக்கு வேண்டாத பெட்டி

வெல்டர் வீரமணி செய்த கேட் இல்லாத தெரு செஞ்சியில் இல்லை. பதினைந்து வருடம் கடற்படைக் கப்பல்களில் பழகிய கை. அவர் பற்றவைத்த இடத்தைத் தடவினால் எங்கே ஒட்டு என்று விரலுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் செய்துகொடுத்த மனுஷன், தன் வீட்டுக் கதவு ஒன்றுக்கும் தாழ்ப்பாள் வைக்கவில்லை. குளியலறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் மனைவி மகாலட்சுமி முப்பது வருடமாகக் கதவிடுக்கில் துணியைச் செருகிவிட்டுக் குளித்தாள். ஏன் என்று கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விடுவார்.

தண்ணீர் டேங்குக்கு மூடி ஒட்டுமுன் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "உள்ள யாரு, உன் மாமியாளா?" என்று ஊரே சிரிக்கும். அவர் சிரித்ததில்லை.

போன ஆடியில் நுரையீரல் கெட்டுப் படுத்தபோதுதான் சொன்னார். கப்பலின் அடித்தளத்தில் தீ. விட்டால் கப்பலே போய்விடும், மூடு என்று உத்தரவு. இரும்புக் கதவை மூடித் திருகியவர் இவர். உள்ளே கூட்டாளி ரங்கநாதன் இருந்தான்.

"கொஞ்ச நேரம் தட்டுனான் மகா. அப்புறம் நின்னுபோச்சு. எனக்குத்தான் நிக்கல. நான் செத்தா ஐஸ் பெட்டில வெச்சி மூடாத. எரிச்சிடு. நெருப்புக்கு பயமில்ல, அவன் பட்டதுதான? மூடி மட்டும் வேணாம்."

மகாலட்சுமி சத்தியம் செய்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை உயிர் போனது. மஸ்கட்டில் இருக்கும் ஒரே மகன் இனியன் மறுநாள் மத்தியானம்தான் வந்துசேர முடியும். உடம்போ நீர் கோத்து வீங்கியிருந்தது. வெறும் ஐஸ் கட்டியில் தாங்காது. கொழுந்தன் பச்சைமுத்து யாரையும் கேட்காமல் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அந்தக் கண்ணாடி மூடியைப் பார்த்ததுமே உள்ளிருந்து கணவர் தட்டுவது மகாலட்சுமிக்குக் கேட்டது.

"அத திருப்பி அனுப்பு. இன்னிக்கே எடுக்கணும்."

"இன்னா அண்ணி பேசற? புள்ள மொகத்த பாக்க வேணாமா? கொள்ளி யாரு வெக்கறது?"

"நீ வெய்யி."

என்ன ஜென்மம் இவள் என்று வாசலில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

இனியன் போனில் அழுதான். "ஒரே நாளும்மா. நைனா கால ஒருவாட்டி தொட்டுக்கறேன். எனக்காக நில்லும்மா."

பெற்ற வயிறு பற்றி எரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே, "தூக்குங்க" என்றாள். பறைச் சத்தம் எழுந்தது. இனியன் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

மறுநாள் பயணப் பையும் கையுமாக வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா இப்டி பண்ண?"

சொல்ல வாயெடுத்தாள். சொல்லிவிட்டால் அந்தக் கப்பல் கதவை நாளையிலிருந்து இவன் சுமக்க வேண்டும். தூக்கத்தைத் தொலைத்த ஒருவரோடு முப்பது வருடம் படுத்தவள் அவள். இன்னொருவனையும் அதில் தள்ள மனம் வரவில்லை. மகன் என்னை வெறுத்தால் வெறுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவசரப்பட்டுட்டேன்டா" என்றாள்.