வலியே இல்லை என்றவர்

பள்ளிக்கூட வேன் ஓட்டிய அவருக்குக் கப்ஸா என்றே பெயர். "இந்த வண்டிக்கு ரிவர்ஸே கிடையாது, மறந்துட்டு வந்த புத்தகப் பையை எடுக்கத் திரும்பிப் போக முடியாது" என்று அளந்துவிடுவார், பிள்ளைகளும் நம்பும். நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி.

இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். விலாவுக்குக் கீழே ஒரு குழாய்; உள்ளே கசிகிற நீர் அதன் வழியாக ஒரு பையில் இறங்கும். நாலைந்து நாளில் எழுந்து நடந்தார். "இனிமே விருந்துக்குக் கூப்பிட்டா என்னை அரை ஆளாத்தான் எண்ணணும்" என்று பக்கத்துக் கட்டில்காரரைச் சிரிக்க வைத்தார்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்த நாளில்தான் உடம்பு கொதித்தது. முதுகின் இடப்பக்கம் வலி.

"டாக்டரம்மா வந்தா நீ வாயைத் திறக்காதே. வீட்டுக்குப் போனா எல்லாம் சரியாயிடும்" என்றார் மனைவியிடம்.

டாக்டரம்மா வந்தார். "வலி இருக்கா?"

"துளிகூட இல்லைங்க."

"இவர் பொய் சொல்றார், டாக்டர்," என்றாள் மனைவி. "காலையிலேருந்து சுருண்டு கிடக்கார். உடம்பு அனலாக் கொதிக்குது."

டாக்டர் பையைத் தூக்கிப் பார்த்தார். முந்தின நாள் தெளிவாக இருந்த நீர் கலங்கிப் பழுப்பாகியிருந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார், ஸ்கேனும் எடுத்தார்கள்.

சாயங்காலம் மனைவியை உட்காரவைத்துச் சொன்னார்: "இரைப்பைக்குப் பின்னால கணையம் இருக்கும்மா. அதை ஒட்டியிருந்த கட்டிகளை எடுத்தப்போ அது காயப்பட்டிருக்கு. அதோட நீர் கசியுது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீர் அது. வெளியே வந்தா உள்ளே இருக்கிறதையே அரிக்கும். சீழும் கட்டியிருக்கு. இன்னொரு குழாய் வைக்கணும்."

கப்ஸா அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காட்டிக் கொடுத்துட்டியே."

"திட்டிக்கோங்க. உயிரோட இருந்து திட்டுங்க."

புதுக் குழாய் வைத்ததும் காய்ச்சல் இறங்கியது. இரண்டு வாரம் போலத் தெம்பாகவே இருந்தார். ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. அவர் தலையைக் கோதிக் கொடுத்தாள்.

பிறகொரு மத்தியானம் குழாயில் ரத்தமாக வந்தது. கசிந்த நீர் ரத்தநாளம் ஒன்றை அரித்திருந்தது. கட்டிலோடு ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பிழைக்கவில்லை.

"நான் இன்னும் சீக்கிரமா சொல்லியிருந்தா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

"நீங்க சொன்னதாலதான் அன்னைக்கே கண்டுபிடிச்சோம். இல்லேன்னா அந்த வாரமே போயிருப்பார்ம்மா."

அவள் தலையாட்டினாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறாள். அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்து மடிக்கும்போது மட்டும் அது போதவில்லை.