லயத்துக்கு வராத தபால்காரர்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஹட்டனுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தபால் ஊழியர்களைப் பற்றி அரசாங்கம் எடுத்த ஆவணப்படத்துக்கு நான்தான் கமராக்காரன். இன்று தேயிலைத் தோட்டங்களில் படம் எடுக்கக் கிளம்புகிற பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

கொழும்பில் காலை ரயில் ஏறினால் பிற்பகலில் ஹட்டன். முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஆறு மைல். பிறகு ஒன்றரை மைல் ஏற்றம், கமராப் பெட்டி தோளில். நாக்குத் தள்ளிவிடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

இயக்குநர் எழுதிவைத்திருந்த காட்சி இதுதான்: தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்குத் தபால்காரர் வந்து கடிதம் கொடுக்கிறார், ஒரு பெண் சிரித்தபடி வாங்குகிறாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த முனியம்மாவை வாசலில் நிறுத்தி, கையில் வெற்று உறையைத் திணித்தார்.

“சிரிக்க மாட்டேங்க,” என்றார் முனியம்மா. “தபால்காரவங்க ஒரு நாளும் எங்க லயத்துக்கு வந்ததில்ல. தோட்டத்து ஆபீசுல பையக் குடுத்துட்டுப் போயிருவாங்க. கணக்கப்புள்ள மனசு வச்சாத்தான் காயிதம் எங்க கைக்கு வரும். எங்கப்பா செத்த காயிதம் கருமாதி முடிஞ்சப்புறம் வந்துச்சு. இப்ப ஊர்ல ஆத்தா படுத்த படுக்கையாக் கெடக்கு. காயிதம் வந்துச்சான்னு கேட்டா பதிலே இல்ல.”

தபால்காரர் சிங்களவர், நல்ல மனிதர். “உண்மைதான் மாத்தயா,” என்றார். “உள்ளுக்கு வர எங்களை விடுறது இல்ல.”

கணக்கப்பிள்ளை பாய்ந்து வந்தார். “ரொம்பப் பேசாத. இல்லாட்டி நாளைக்கு ஒனக்கு வேலை கெடையாது.”

“போகட்டுங்க. பொய்க்குப் பல்லக் காட்ட என்னால முடியாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமராவைத் தூக்கிப் போய் ஆபீஸ் வாசலுக்கு எதிரே நட்டேன். இயக்குநர் கத்தினார். “தபால் போகிற இடத்தைத்தானே ஐயா எடுக்க வேண்டும்?” என்றேன். கூடைகளோடு பெண்கள் எல்லாரும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

ஆபீஸ் எழுத்தரான கிளாக்கர் வெளியே வந்தார். கமராவைக் கண்டதும் சட்டைக் கொலரைச் சரிசெய்தாரே, அடடா! தபால்காரர் பையைக் கொடுக்கவில்லை. படியிலேயே அவிழ்த்து, பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். முனியம்மா பெயர் வரவில்லை.

“உள்ள கெடக்குற காயிதக் கட்டையும் கொண்டாங்க ஐயா,” என்றார் முனியம்மா. கிளாக்கர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், உள்ளே போய்க் கட்டை எடுத்து வந்தார். அதில் இருந்தது முனியம்மாவின் கடிதம், இரண்டு வாரப் பழசு. நானே படித்துக் காட்டினேன். ஆத்தா மகளைப் பார்க்கத் துடிக்கிறாளாம், உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

“இப்ப எடுங்க,” என்றார் முனியம்மா, கண்ணைத் துடைக்காமல். எடுத்தேன்.

கொழும்பில் மேலிடம் அந்தக் காட்சியை வெட்டிப் போட்டது. அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும், யாருக்கு வேண்டும்?

போகிறவர்களுக்கு: மழைத்துணி மறக்காதீர்கள், மூன்று மணிக்கு மேல் பனி இறங்கினால் வெளிச்சம் போய்விடும். யாரையும் சிரிக்கச் சொல்லாதீர்கள். படம் கெட்டாலும் பரவாயில்லை.

முனியம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தத்தான் செய்தார்கள். அவர் அதற்குள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஆத்தா கண்மூடும்போது பக்கத்தில் இருந்ததாக, யாரையோ கொண்டு எனக்கு எழுதிப் போட்டிருந்தார்.