வேளாங்கண்ணியில் நடக்காத சத்தியம்

என் அண்ணன் கட்சிக்காரர். கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார். அதனால்தான் அவர் வாயிலிருந்து ஒரு சத்தியத்தைக் கேட்க நாங்கள் வேளாங்கண்ணி வரை போக வேண்டியிருந்தது.

விஷயம் நிலம். எங்கள் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு மடத்தின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். உழுகிறவன் பேரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் லேசில் யாரும் வெளியேற்ற முடியாது என்று ஆகியிருந்த காலம் அது. பேர் பதியாதவர்களை அதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று நிலத்துக்காரர்கள் துடித்தார்கள். மடத்து ஏஜென்ட்டின் ஆட்கள் எங்கள் நாற்றங்காலில் மாட்டை இறக்கியபோது அரிவாளோடு எதிரில் போய் நின்றவர் அண்ணன். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு நானும் நின்றேன். பின்னால் நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை.

அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "ரெண்டு பேரு பேரையும் சேத்துப் பதிஞ்சிடுங்கடா" என்றார். அம்மாவும் நானும் காதால் கேட்டோம். கடைசி நாள் அண்ணன் மட்டும் பக்கத்தில் இருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் அண்ணன் பேர் மட்டும் பதிவாகியிருந்தது.

"கடைசியில அப்பா மனசு மாறிட்டாரும்மா. அவனுக்கு விவரம் பத்தாது, நீயே வச்சுக்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு" என்றார் அண்ணன்.

எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் விவரம் பத்தாது என்பதை அப்பா சொன்னாலும் சொல்லியிருப்பார் என்று ஊர் நம்பியது. அம்மா நம்பவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் அய்யனார் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அடித்து அணைக்கவேண்டும். பொய் சொல்லி அணைத்தால் குடும்பம் விளங்காது என்று பயம். அம்மா அதைத்தான் கேட்டாள்.

"மேடை ஏறி சாமி இல்லன்னு பேசுறவன்மா நானு. நாளைக்கு நானே போயி அய்யனாருக்கு முன்னால கற்பூரத்தோட நின்னா எவன் மதிப்பான்?" என்றார் அண்ணன்.

"அப்ப நீ சொன்னது பொய்யி."

"பொய்யும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. கோயிலுக்கு வரமாட்டேன், அவ்வளவுதான்."

அந்த வருஷம் அண்ணன் மகனுக்கு நான்கு வயது. டைபாய்டு வந்து பிழைத்தவன். பிழைத்தால் வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறேன் என்று அண்ணி வேண்டியிருந்தாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் மாதாவுக்கு வேண்டிக்கொள்ளாத வீடு குறைவு. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மாதா கோயிலுக்கு வருவியா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அது வேற. அதுக்குக் கட்சியில ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அப்படித்தான் ஐந்து பேரும் கிளம்பினோம். திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறினோம். பையன் என் மடியிலேயே வந்தான். அவன் பிறந்ததிலிருந்து என்னிடம்தான் ஒட்டிக்கொள்வான். வழியில் புளிசாதம் சாப்பிட்டோம். அண்ணன் கண்டக்டரோடு அரிசி விலையையும் அரசியலையும் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார். பார்த்தவர்கள் ஒரு குடும்பம் சந்தோஷமாகச் சுற்றுலா போகிறது என்று நினைத்திருப்பார்கள். நான் மட்டும் தாண்டுகிற ஊர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நிலம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கோயிலைப் பார்த்ததும் பயமாக இருந்தது. எங்கள் ஊர்க் கோபுரம் மேலே போகப் போகச் சுருங்கினாலும் சாமிகளும் பூதங்களும் ஏறி உட்கார இடம் இருக்கும். இந்தக் கோபுரங்கள் ஒரே வெள்ளையாக, ஊசி மாதிரி ஏறி வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. வாசல், ஜன்னல் எல்லாமே மேலே கூராக முடிந்தன, இரண்டு கைகளைக் குவித்துப் பிடித்தது போல. அதற்குக் கோதிக் பாணி என்று பேர் என்பது பல வருஷம் கழித்து ஒருவர் சொல்லித்தான் தெரியும். உள்ளே கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. கலர் கண்ணாடி வழியாக வந்த வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. பையன் அதன்மேல் குதித்துக் குதித்து, "சித்தப்பா, என் காலு நீலம்" என்றான். சேலை கட்டி, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மாதா நின்றாள். இவ்வளவு பெரிய இடத்தில், இவ்வளவு சின்ன முகத்தோடு இருப்பவளிடம் யாராலும் பொய் சொல்ல முடியாது என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

பையனுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி முடித்ததும் அம்மா மெழுகுவர்த்திக் கடைக்காரியிடம் போனாள்.

"கற்பூரம் இருக்காம்மா?"

"இங்க மெழுகுவத்திதாங்க பெரியம்மா."

"அத அணைச்சா சத்தியம் நிக்குமா?"

கடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் சிரித்தார். "எத அணைச்சாலும் பொகதாம்மா வரும். வாங்கு."

மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் கூட்டம் குறையும் வரை காத்திருந்தோம். அம்மா கையாலேயே ஏற்றி வைத்தாள். "சொல்லு" என்றாள். அண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டு கையை ஓங்கினார். அதற்குள் அங்கே காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார்.

"என்னங்க பண்றீங்க? ஏத்துன மெழுகுவத்திய அணைக்கக் கூடாதுங்க. அது வேண்டுதலு."

"இது சத்தியங்க" என்றாள் அம்மா.

"சத்தியம்னா மனசுல சொல்லிட்டுப் போங்கம்மா. நெருப்ப ஏன் அடிக்கிறீங்க?"

"பாத்தியா, உங்க சாமியே வேணாங்குது" என்றார் அண்ணன்.

அம்மா அசையவில்லை. அண்ணியின் இடுப்பில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கற்பூரத்துக்கு அடுத்தபடி எங்கள் பக்கத்தில் இருப்பது அதுதான்.

"அப்ப புள்ள தலையில கைய வச்சு சொல்லு. அப்பா உனக்கு மட்டுந்தான் விட்டாருன்னு சொல்லு. நானும் கேக்குறேன், மாதாவும் கேக்கட்டும்."

அண்ணி பையனின் தலையை முந்தானையால் மூடினாள். "வேணாங்க. கத்தி பட்ட தலை. கை பட்டா எரியும்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. மொட்டைத் தலை எரிகிறது என்பதற்காக எந்தத் தாயும் அப்படி நடுங்க மாட்டாள். அப்பா மனசு மாறவில்லை என்பது எனக்கு உறுதியானது அந்த நிமிஷத்தில்தான்.

"நீ சும்மா இருடி" என்று அண்ணன் முந்தானையை விலக்கினார். கையை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தேன். எந்தத் தயக்கமும் இல்லை. தாலுகா ஆபீசில் பெருவிரலுக்கு மை தொடுகிற மாதிரி ஒரு வேலையாக அதைச் செய்யப் போனார். சாமி இல்லை என்பவருக்குப் பையன் தலை வெறும் தலைதான். எனக்கு அப்படி இல்லையே. காய்ச்சலில் அனலாகக் கொதித்த அந்தத் தலையைத் தோளில் போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் நடந்தவன் நான்.

"வேணாம்மா. அண்ணன் சொன்னத நான் நம்புறேன்" என்றேன்.

அதுவரை குடும்ப விஷயத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன பெரிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "இத ஊர்லயே சொல்லியிருந்தா பஸ்ஸு சார்ஜு மிச்சம்டா" என்றார். அப்புறம் கடற்கரைக்குப் போய் எல்லோருக்கும் வறுத்த மீன் வாங்கித் தந்தார். எனக்கு இரண்டு துண்டு. நான் அதைத் தின்றேன். தின்னாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னார்குடியில் இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "கொஞ்சம் பொறுத்திருந்தா அவனே கைய எடுத்திருப்பான். பெத்த புள்ளடா."

"எடுத்திருக்க மாட்டாரும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை, நான் பயந்து கெடுத்தேன் என்றே சொல்லிக்கொண்டு, அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்று செத்தாள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் அண்ணன் எழுந்து, "மாதா சந்நிதியில என் தம்பியே நம்புறேன்னு சொல்லிட்டான். அவனையே கேளுங்க" என்றார்.

"சொன்னியாப்பா?" என்றார்கள்.

"சொன்னேன்."

ஏன் சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. அண்ணன் பிள்ளைத் தலையில் பொய்ச்சத்தியம் செய்யத் துணிந்தார் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அந்தச் சம்பாவுக்கு அதே வயலில் கூலிக்கு நடவு வேலை பார்த்தேன். அடுத்த வருஷம் ஒரு ரைஸ்மில்லில் நெல் காயவைக்கும் களத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மாதா ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். இப்போது சபரிமலைக்கு மாலைகூடப் போடுகிறார்.

போன தை மாசம் பையனுக்குப் பெண் பேச ஆட்கள் வந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். சாப்பிடும்போது பெண்ணின் மாமா என்னைப் பார்த்து, "உங்களுக்கு நிலம் எந்தப் பக்கங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பையனே பதில் சொன்னான். "சித்தப்பாவுக்கு வயல் வேலையில இஷ்டமில்லீங்க. அப்பாகிட்ட வேணாம்னு அவரே விட்டுக் குடுத்துட்டாரு."

பாசமாகத்தான் சொன்னான். அப்படித்தான் அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அண்ணி அப்போது என் இலைக்கு எதிரில் குனிந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். போதும் என்று கையைக் காட்டினேன். அவள் நிமிரவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.