அணிந்துரையில் ஓர் உரைகல்

என் ஆராய்ச்சி, விக்டோரியா காலத்துக் கவிஞர் ஒருவரின் விமர்சனக் கருத்துகள் பற்றி. மகாகவிகளின் சில வரிகளை மனசில் உரைகல்லாக வைத்துக்கொள், மற்றதையெல்லாம் அதில் உரசிப் பார் என்பார் மனுஷன். எழுதியவன் வேண்டியவனா வேண்டாதவனா என்று பார்க்காதே, எழுத்தைப் பார் என்பார். எனக்குப் பித்தே பிடித்துவிட்டது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட உரசிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் என் பள்ளிக்கூடச் சிநேகிதன், அலங்காநல்லூர்க்காரன், தன் முதல் கவிதைத் தொகுப்புக்கு அணிந்துரை கேட்டான். நம்மூரில் அணிந்துரை என்றால் பொன்னாடை மாதிரி, போர்த்திவிட்டு இறங்கிவிட வேண்டும். நானோ நாலு பக்கம் உரசித் தள்ளினேன். வலி இருக்கிறது, கனம் இல்லை, நண்பன் என்பதற்காகச் சலுகை தர முடியாது என்று முடித்து நேரே அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பினேன். அவன் பார்த்திருப்பான் என்றுதான் ஒரு வாரமும் நினைத்திருந்தேன். போனில் விசாரித்தபோது சிரித்தபடி சொன்னான்: "நீ எழுதுனத நான் வேற படிக்கணுமாக்கும்? அப்பிடியே போடச் சொல்லிட்டேன் மாப்ள."

அச்சகத்தில் போனை எடுக்கவில்லை. வெயிலில் வண்டியை விரட்டினேன், ஒவ்வொரு சிக்னலிலும் செத்தேன். போனால், பைண்டிங்கே பாதி முடிந்திருந்தது. அந்த நாலு பக்கத்தை மட்டும் நானே பிளேடு போட்டு அறுத்துத் தாரேன் அண்ணே என்று அச்சகக்காரரிடம் கெஞ்சினேன். மடித்த ஒரே பெரிய தாளில், அதே ஃபாரத்தில்தான் கவிதைகளும் இருக்கின்றன, இதை அறுத்தால் அதுவும் கழன்று வரும் என்றார். உங்க சிநேகிதர் உங்களுக்கு முன்னாடியே வந்துட்டார் என்று உள்ளே கையைக் காட்டினார்.

காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, பைண்டிங் முடிந்த ஒரு புத்தகத்தில் அவன் என் அணிந்துரையைப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவான் என்று பார்த்தால், குரலே ஏறவில்லை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கடைசிக் கவிதை, எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எழுதுனது. அதப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேடா. அம்புட்டு மோசமாவா இருக்கு?"

பாதித் தொகுப்போடு நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன். தீர்ப்பு அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. படிச்சேன் மாப்ள, அது நல்லாத்தான் இருந்துச்சு என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதுல என்ன வருது? சொல்லு."

புத்தகத்துக்குக் கையை நீட்டினேன். அவன் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.