தம்பிக்குப் பிடித்த கொழுக்கட்டை

தம்பிக்குப் பல் முளைத்த வருஷம் எங்கள் வீட்டில் அரிசி அரிதாகிவிட்டது. யுத்தகாலம். பர்மா அரிசி நின்றுபோய், கார்டுக்கு அளந்து போடுகிற அரிசியில் கல்லும் புழுவும் பொறுக்கியது போக மிஞ்சுவதுதான் சோறு. யுத்தம் எங்கேயோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது கேப்பையாகவும் கம்பாகவும் வந்து சேர்ந்தது.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பா அந்த ஆலையில் கிளார்க். அம்மா அப்போது வீட்டில் இல்லை. தம்பி பிறந்து சில மாதங்களிலேயே அவளுக்கு டைபாய்டு கண்டு, அது இறங்கியதும் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிள்ளையைக் கிட்டே விடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் கூமாப்பட்டியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. கொழுந்தன் குடும்பத்தோடு சேர்ந்து காட்டு வேலை, வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், விளைந்து நின்ற வெள்ளாமையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு மூட்டைக் கேப்பையும் கால் கட்டிய ஒரு பெட்டைக் கோழியுமாக வந்து இறங்கினாள். பல்லில்லாத பிள்ளைக்கு மூட்டைக் கேப்பையா என்று பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். “இன்னைக்கா திங்கப் போறான்? முளைக்காமயா போயிரும் பல்லு?”

அதுவரைக்கும் பக்கத்து வீட்டுப் பசும்பால்தான் தம்பியைக் காப்பாற்றியது. பல் வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் அத்தை மூட்டையை அவிழ்த்தாள். கேப்பையை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, வாசனை வர வறுத்துத் திருகையில் அரைப்பாள். வறுத்த பாசிப்பயறும் அதோடு சேரும். அரைத்த மாவைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, மண் போக வடிகட்டிய கருப்பட்டிப் பாகில் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து விரல் விரலாகப் பிடித்து ஆவியில் வேகவைப்பாள். உருண்டையாகப் பிடித்தால் என்ன என்று நான் கேட்டேன்.

“உருண்டையா இருந்தா அவன் கைக்குள்ளயே அடங்கிப்போவும்ட்டி. வாய்க்கு என்ன போவும்? பிடிச்ச கைக்கு வெளிய செத்த நீட்டிக்கிட்டு இருக்கணும்.”

ஒவ்வொரு ஈட்டிலும் முதல் கொழுக்கட்டையை அவளே வாயில் போட்டு, பல் படாமல் நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்ப்பாள். கரைந்தால்தான் தம்பிக்கு. கரையாதது எனக்கு. அந்தக் காலத்தில் அத்தை சமைத்தது எதுவும் முதல் ஈட்டில் கரைந்துவிடக் கூடாது என்றே நான் விரும்பினேன். சாயங்காலத்தில் சீனிக்கிழங்கை அவித்து நீளவாக்கில் நறுக்கி, வழுக்காமல் இருக்கத் தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுப்பாள். முருங்கைக்கீரை போட்ட கம்பு அடையையும் அப்படித்தான் நீளமாகக் கிழித்துக் கொடுப்பாள். பஞ்சக் காலத்துப் பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாதபடி தம்பி கன்னம் உப்பிப்போய்த் தவழ்ந்தான். அப்பா கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் சொல்லி, ஆமென் என்று திறப்பதற்குள் அவன் ஒன்றைத் தின்று முடித்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் சில வாரங்கள் அப்பா என்னை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவார். நான் வாசற்படியில் நின்றபடிதான் அம்மாவோடு பேச வேண்டும். அவள் கேட்கிற முதல் கேள்வி, “தம்பி என்ன தின்னான்?” என்பதுதான். நான் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒரு தடவை, அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, “நான் குடுத்தாக்கூட வாங்க மாட்டான்மா. அத்தை கையில குடுத்தாத்தான் திம்பான்” என்றேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. நல்ல சேதி சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு நான் ரயிலேறினேன்.

அம்மா குணமாகி வந்தபோது தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தான். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போய், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். குதிரைவண்டியிலிருந்து இறங்கியதும் கையிரண்டையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். தம்பி வீறிட்டு, அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

நாலு நாளில் பழகிவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் பழகவில்லை. அம்மா தூக்கினால் விறைத்துக்கொண்டான். தூங்கும்போது அவள் பக்கத்தில் படுத்தால், விழித்ததும் உருண்டு போய்விடுவான். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து அம்மா அந்தக் கொழுக்கட்டையைக் கற்றுக்கொண்டாள். அதே மாவு, அதே பாகு. அம்மா பிடித்ததுதான் இன்னும் ஒழுங்காக இருந்தது. ஆனால் அவள் நீட்டினால் தம்பி வாயைப் பொத்திக்கொள்வான். அதையே அத்தை வாங்கி நீட்டினால் ‘ஆ’ என்று திறப்பான்.

அத்தை தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் கிணற்றடிக்குப் போய்விடுவாள். தம்பி பட்டினி கிடந்து, தொண்டை கட்டும்வரை அழுவான். கடைசியில் அம்மாவே போய் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கும். அப்படிக் கூப்பிட்டு வந்த ஒரு சாயங்காலம், அத்தையின் மடியில் உட்கார்ந்து சீனிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த தம்பியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்த அம்மா சொன்னாள்:

“நீங்க இங்க இருக்குற வரைக்கும் அவன் எனக்குப் பிள்ளையா இருக்க மாட்டான் மதினி.”

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அத்தை தம்பியின் வாயைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கப் பின்பக்கம் போனபோது, அத்தை அம்மியில் வேப்பங்கொழுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அரைத்ததை விரல் நுனியெல்லாம் பூசி, வெயிலில் கையை விரித்துக் காயவைத்தாள்.

“என்ன அத்தை இது?”

“கை நமைக்குதுட்டி. சேத்துல கெடந்த கையில்ல.”

நான் நம்பினேன். எப்போதும் உடைந்த கொழுக்கட்டையை என் வாயில் போடுகிறவள், அன்றைக்குத் தட்டைக் காட்டி, “நீயே எடுத்துக்க” என்றாள். மருந்துக் கை என்பதால் என்று அதையும் நம்பினேன்.

தம்பியை உட்காரவைத்து, எதிரே அம்மாவை உட்காரச் சொல்லி, அம்மா பிடித்து வேகவைத்த கொழுக்கட்டைத் தட்டை நடுவில் வைத்தாள். ஒரு கொழுக்கட்டையை எடுத்து இரண்டு விரலால் உருட்டித் தம்பியிடம் நீட்டினாள். அவன் ஆசையாக வாங்கி வாயில் வைத்தான். முகம் கோணியது. துப்பினான். இன்னொன்று கொடுத்தாள். அதையும் துப்பிவிட்டு அவள் கையில் அடித்தான். மூன்றாவது தடவை அவள் கை நீண்டபோது வாயை இறுக மூடிக்கொண்டு, உதடு பிதுங்க அத்தையையே பார்த்தான். நம்பி வாங்கிய கை இப்படிச் செய்துவிட்டதே என்கிற பார்வை. பேசத் தெரியாத பிள்ளைக்கு அப்படிப் பார்க்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

“நீ குடு தாயி,” என்றாள் அத்தை.

அம்மா அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு வாங்கி, முதலில் நக்கிப் பார்த்தான். அப்புறம் கடித்தான். அம்மா மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் முழுவதையும் தின்றுவிட்டு, அவளைப் பார்த்து வெறுங்கையை நீட்டினான்.

குளித்துவிட்டு வந்த அப்பா, அத்தையின் விரலில் இருந்த பச்சையைப் பார்த்துவிட்டார். “மருந்து தடவின கையோடயா பிள்ளைக்கு ஊட்டுவ? கழுவத் தெரியாதா அக்கா ஒனக்கு?” என்று சத்தம் போட்டார்.

“மறந்துட்டேன்யா,” என்றாள் அத்தை.

பண்டத்தை வீணாக்காத காலம் அது. தம்பி துப்பியதை அம்மா தரையிலிருந்து எடுத்து ஊதித் தன் வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். அத்தையை ஏறிட்டுப் பார்த்தாள். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்பாவிடம் ஏதோ சொல்லப்போவது போல வாயெடுத்தாள். அதற்குள் தம்பி தவழ்ந்து வந்து அவள் மடியில் கையை ஊன்றினான். அம்மா அந்தக் கசப்பை விழுங்கிவிட்டு அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறமும் சில நாள் அத்தை காலையில் வேப்பங்கொழுந்து அரைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் தம்பி அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்துவிட்டான். நான் தெருவெல்லாம் போய் அந்தச் சேதியைச் சொன்னேன். அத்தையின் கை நமைச்சல் சீக்கிரம் ஆற வேண்டும் என்று சாயங்கால ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அப்படி நான் வேண்டும்போதெல்லாம் அம்மா ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாள் என்று யோசிக்கவில்லை. ஜெபத்தில் எல்லோரும் தலை குனிவதுதானே.

“வெள்ளாமை கெடக்கு, போறேன்,” என்று அத்தை ஒருநாள் மூட்டையைக் கட்டினாள். அப்பா இருக்கச் சொன்னார். அம்மா தன் கல்யாணச் சேலைகளில் ஒன்றை எடுத்து அவள் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். பெட்ரோல் கிடைக்காமல், பின்பக்கம் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ் அப்போது. அது புகை விட்டுக்கொண்டு நின்றது. அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பி திடீரென்று அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டித் தாவினான். அத்தை தன் கையிரண்டையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்யா. அத்தை கை கசக்கும்.”

ஏறும்போது கம்பியைப் பிடித்த அவள் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. புண்ணோ தழும்போ ஒன்றும் இல்லை. என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மழை விடட்டும், தம்பியைக் கூட்டிக்கொண்டு கூமாப்பட்டிக்குப் போவோம் என்றாள் அம்மா. மழை விட்டதும், அவன் நன்றாக நடக்கட்டும் என்றாள். நடந்தான். பள்ளிக்கூடம் லீவு விடட்டும் என்றாள். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாள். அப்பா கடிந்து கேட்டபோது, “போய் அவிய முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவேன்?” என்று வாய்க்குள் சொன்னாள். ‘வணக்கம்’ சொல்லலாமே என்று நான் நினைத்தேன்.

மலையடிவாரத்தில் அந்த வருஷம் குளிர்காய்ச்சல் மோசமாக இருந்தது. சந்தைக்கு வந்த கூமாப்பட்டி ஆள் ஒருவர் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அத்தையின் கொழுந்தன் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு தகரடப்பா எடுத்து வந்தாள். மூடியைத் திறந்ததும் வறுத்த கேப்பை மாவின் வாசனை வந்தது.

“வண்டு விழுந்துரும்னு பழசைக் கொட்டிட்டுக் கொட்டிட்டுப் புதுசா வறுத்து வைப்பாக. ஆருக்குன்னு கேட்டா, தம்பி வருவாம்பாக. காய்ச்சலோடயும் வறுத்தாக.”

“ஒரு ஆள்கிட்டச் சொல்லி விட்டிருக்கலாமே,” என்றாள் அம்மா.

“நானுஞ் சொன்னேன். ‘நான் கூப்பிடக் கூடாது. அவளுக்கு மனசு நல்லாகி அவளாக் கூட்டிட்டு வரட்டும்’னுட்டாக.”

அம்மா டப்பாவை வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி அப்பாவின் மடியில் தூங்கினான். அம்மா டப்பாவை மடியில் வைத்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஊர் வந்து சேரும் வரைக்கும் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிறு பள்ளியில் படித்ததையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு, “அழாதம்மா. அத்தை பரலோகத்துலதான் இருப்பாக” என்று அவள் முழங்கையைத் தடவிக்கொடுத்தேன்.

அத்தை செத்துப்போனதற்காகத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.