கடைசியாக அழைத்த வீடு

புளித்துப்போன பானகத்தின் வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் சேர்ந்து, வெயில் நாளில் ஒரு பகல் முழுக்க நின்றுபோன பிறகு மூக்கில் வந்து குத்துகிற அந்த வாசனை கோயில் பக்கம் எங்கேயாவது வீசினால்கூட, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் நகர்ந்துவிடுவேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளன்று, ஒரு பித்தளை அண்டா நிறையக் கரைத்து வைத்த பானகத்துக்குப் பக்கத்தில் டம்ளரும் கையுமாக நின்று, வராத கூட்டத்துக்காகக் காலையிலிருந்து உச்சிவேளை வரை காத்திருந்தது அவர்கள் இல்லையே.

யுத்தம் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முந்தி நடந்த விஷயம் இது. ஊர் ஜலகண்டாபுரம். நாங்கள் நெசவுக் குடும்பம். எங்கள் தெருவில் தறி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெருக்கோடியில் ஓடு வேய்ந்த ஒரு நீளமான கட்டடத்தில் போர்டு பள்ளிக்கூடம் இருந்தது. இரண்டு வாத்தியார்கள், ஐந்து வகுப்புகள். கோடை விடுமுறைக்கு மூடிய பள்ளிக்கூடம் திறக்கிறபோது, மூடிய அன்று இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர்தான் திரும்பி வருவார்கள். மற்றவர்கள் இரண்டு மாதத்தில் "தார்" சுற்றப் பழகியிருப்பார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைப்பதற்காகச் சின்னக் குழலில் நூல் சுற்றுகிற வேலை அது. சிறு விரல்களுக்கு அது நன்றாக வரும் என்பதால், வந்த விரல்களை யாரும் எளிதில் விடுவதில்லை.

அந்த வருஷம் நான் நான்காம் வகுப்பில் தேறியிருந்தேன். என்னோடு சேர்ந்து பதினோரு பேர். ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதில் பிள்ளைகள் ஒட்டவேயில்லை. விடுமுறைக்கு முன்னால் வந்த டிப்டி இன்ஸ்பெக்டர், "திறந்தபிறகு வந்து பார்ப்பேன். பத்துப் பேர் இல்லையென்றால் ஐந்தாம் வகுப்பை எடுத்து வேறே ஊருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன்களுக்கு இது பெரிய காரியமில்லை. தாரமங்கலம் போவார்கள், சேலத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படிப்பார்கள். ஒரு பெண்பிள்ளையை எந்த வீட்டில் அப்படி அனுப்புவார்கள்? அந்த வகுப்பு போனால் என் படிப்பும் அதோடு போயிற்று. ஒன்பது வயதில் எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. என் அம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அம்மா, நான் பாடம் படிக்கிற நேரத்தில் மட்டும் என்னை எந்த வேலைக்கும் கூப்பிட்டதில்லை.

பெரிய வாத்தியார் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனுஷர், அதுதான் வினையாகப் போயிற்று. பிள்ளைகளை அடித்து இழுத்து வருவதைவிடக் குடும்பத்தையே மரியாதையாக அழைத்துவிட்டால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளை ஒரு விசேஷம்போல நடத்துவது, வாசலில் மாவிலைத் தோரணம், வருகிறவர்களுக்குச் சந்தனம், பானகம். அதற்கு முதல் நாள் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொடுத்து அழைப்பது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. குங்குமத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு காட்ட ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அவர் தேடியபோது, "எனக்கு எல்லா ஊடும் தெரியுமுங்க" என்று முந்திக்கொண்டு நின்றவள் நான்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் "பெரியதனக்காரர்" என்று ஒருவர் உண்டு. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் பொங்கலோ, ஊரை அழைக்கிற எந்தக் காரியத்துக்கும் முதல் வெற்றிலை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகள். வாத்தியார் வெறுமனே வந்து, "பிள்ளையை அனுப்புங்க" என்று வாயால் சொல்லியிருந்தால் யாருக்கும் எந்தக் குறையும் வந்திருக்காது. வெற்றிலைத் தட்டைத் தூக்கிய பிறகு அது ஊர் அழைப்பு. வெளியூர்க்காரரான அவருக்கு இது தெரியாது. எனக்கு? பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் புத்தியில் ஒரே ஒரு ஆசைதான் உட்கார்ந்திருந்தது. சட்டையும் அங்கவஸ்திரமும் போட்ட வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதை என் அம்மா முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வெற்றிலை எங்கள் வீட்டுக்கு.

அம்மா பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தட்டைப் பார்த்தாள். முகத்தில் வந்த சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, பெரியதனக்காரரு ஊட்டுக்குச் சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எல்லா வீட்டுக்கும்தான் சொல்லப் போறோம், அம்மா. நீங்க குடும்பத்தோட வரணும்" என்றார் வாத்தியார்.

நீட்டிய தட்டை வேண்டாமென்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிந்தும் நான் புரியாதவள்போலத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அங்கேயே திரும்பி மேற்கே பெரியதனக்காரர் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

வரிசையாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போய், மேற்குக் கோடியில் இருந்த பெரியதனக்காரர் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. தட்டில் வாடிய வெற்றிலை நாலு மிச்சம். குங்குமம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து நின்று வாத்தியாரைக் கும்பிட்டார், உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கிருந்து சொல்லிட்டு வாரீங்க சாமி?" என்று பிரியமாகத்தான் கேட்டார்.

"எங்க ஊட்டுல இருந்துங்க" என்றேன் நான். பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம்போல இருக்கிறது.

"ஆகட்டுங்க, நல்லதுங்க" என்றார் அவர். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊரில் அந்தக் குரலில் "ஆகட்டுங்க" என்றால் போய்வாருங்கள், நான் வரப்போவதில்லை என்று அர்த்தம்.

மறுநாள் திங்கட்கிழமை. தோரணம் ஆடியது. சந்தனம் காய்ந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். தறிச் சத்தம்கூடக் குறைவாகத்தான் கேட்டது. எல்லோரும் மேற்குக் கோடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து யாரும் கிளம்பவில்லை. போகாதே என்று அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. தபால்காரர் மகனும் மளிகைக்கடைக்காரர் மகனும் வந்தார்கள்; அவர்கள் வேறு ஊரிலிருந்து வந்து குடியிருந்தவர்கள். என் அப்பா, "அவுங்க ஊட்டுல இருந்து கெளம்பட்டும், பாத்துக்கிட்டுப் போலாம்" என்று தறிக்குழியிலிருந்து ஏறவேயில்லை. அம்மா மட்டும் புதுப்புடவை கட்டிக்கொண்டு, தெரு வழியாக வராமல், வீடுகளுக்குப் பின்னால் முள்வேலி ஓரமாகச் சுற்றி வந்து சேர்ந்தாள். அண்டாவுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பிள்ளைகளும் குடித்த மட்டும் குடித்தோம். மறுநாள் காலையில் மிச்சத்தை வேப்பமரத்தடியில் கொட்டியபோதுதான் அந்த நாற்றம்.

வாத்தியாருக்கு யாரோ விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம்; கோபிக்காமல், செவ்வாய்க்கிழமையே புது வெற்றிலை வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, நேராகப் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனார். தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க வாத்தியாரே. நீங்க வெளியூருங்க" என்றார் பெரியதனக்காரர். "ஆனா தப்பாச் சொன்ன அழைப்பை வச்சுக்கிட்டு ஊரு எப்படிங்க வரும்? ஒரு நல்ல நாளாப் பாத்து, மொதல்ல இருந்து திரும்பச் சொல்லுங்க. எல்லாத்தையும் நானே கூட்டியாரேன்."

நல்ல நாளுக்குப் பஞ்சாங்கம் வந்தது. புதன் ஆகாது என்றார்கள். வியாழன் மிகவும் நல்லது என்றார்கள். இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வருவார் என்று வாத்தியார் மன்றாடிப் பார்த்தார். ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்றார்கள். நான் அந்த வாசற்படிக்குக் கீழே தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவருடைய பேத்தி சரசு என் வகுப்புக்காரி, ஐந்தாம் வகுப்புக்கு வர வேண்டியவள், கதவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐந்தாம் வகுப்புப் பலகையில் நானும் அந்த இரண்டு பையன்களும் உட்கார்ந்திருந்தோம். "நாளைக்கு எல்லாரும் வந்துடுவாங்க சார்" என்று வாத்தியார் சொன்னதை அவர் பொறுமையாகவே கேட்டார். எந்த வாத்தியாரும் அவரிடம் எப்போதும் சொல்லுகிற வார்த்தைதானே அது. என்னமோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை ஊரே வந்தது. பெரியதனக்காரர் முன்னால் நடக்க, பின்னால் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலையோடு, சரசு பட்டுப்பாவாடையோடு. என் அப்பாவும் இந்தத் தடவை தெரு வழியாகவே வந்தார். பானகம் போதாமல் இரண்டாம் முறை கரைத்தார்கள். படிப்பின் அருமையைப் பற்றிப் பெரியதனக்காரர் எழுந்து நின்று நன்றாகவே பேசினார். ஐந்தாம் வகுப்புக்கு உரிய பதினோரு பேரும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தோம். ஐந்தாம் வகுப்புதான் இல்லை. வாத்தியார் அதை எழுந்து நின்று சொன்னார். அப்புறம், "அதிகாரியா வாரவிய எல்லாம் இப்படித்தானுங்க, ஒரு நாளு பொறுக்க மாட்டாங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஆமாமென்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியதனக்காரர் மேல், பஞ்சாங்கத்தின் மேல், தெரியாமல் தட்டைத் தூக்கவைத்த வாத்தியார் மேல், தெரிந்தே எங்கள் வீட்டுக்குத் திருப்பிய என் கால்களின் மேல். யார்மேல் காட்ட முடியும்? டம்ளர்களைக் கழுவி அடுக்கினேன்.

வேண்டுமானால் நான்காம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்காரட்டும் என்றார் வாத்தியார். படித்ததையே படிக்க ஒரு வருஷமா என்று அப்பா கேட்டார். அடுத்த வாரமே எனக்கு ஒரு ராட்டை தனியாக வந்துவிட்டது. முதல் நாள் நான் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நான் அந்த வெத்தலையை வாங்கியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். குற்றத்தை அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

ஐந்தாம் வகுப்பு நாலைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. எனக்கு அதற்குள் கல்யாணமாகிவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது கோயில் வாசலில் பெரியதனக்காரரைப் பார்த்தேன், நன்றாகத் தளர்ந்திருந்தார். "கேட்டியா சாமி, நாலு தடவை சேலத்துக்கு நடந்து அஞ்சாங்கிளாசை நாந்தான் திரும்பக் கொண்டாந்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் "ரொம்பச் சந்தோசமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது நாங்கள் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். போன வாரம் என் கடைசிப் பெண்ணை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் விடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். திறக்கிற நாளில் பெற்றோரும் வர வேண்டும் என்று அச்சடித்த சீட்டு ஒன்று வந்திருந்தது; எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே மணியில் கொடுத்த சீட்டு. யார் வீட்டுக்கு முதல், யார் வீட்டுக்குக் கடைசி என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. ஊரில்கூடப் பெரியதனம் இப்போது பெயரளவுக்குத்தான். குங்குமத் தட்டு கல்யாணத்தோடு நின்றுவிட்டது. ஐயோ போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் படட்டும். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் கிடையாது.

அன்றைக்குப் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒரு சின்ன வயது டீச்சர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஒவ்வொரு அம்மாவிடமும் பெயரையும் படிப்பையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்து, "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க அம்மா?" என்று கேட்டாள். நான்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அஞ்சுன்னு போட்டுக்கங்க" என்றேன்.

தலைநிமிராமல் எழுதிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். என் பெண் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.