பார்க்கப்பட்டார், உயிருடன் இருக்கிறார்

நான் இப்போது சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை என் அச்சக மேசையின் மீது கைவைத்து உறுதி கூறுகிறேன். முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகைகளில் பிழை திருத்திவரும் அரியாங்குப்பம் கலியபெருமாள் அளப்பதில் மன்னன் என்பது ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் அறிந்த செய்தி. ஆகவே நம்பாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அந்துவான் முசியேயின் மகள் அச்சகப் படியேறி வந்தாள். அவள் கண்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அப்பா போயிட்டாரு மாமா. பூசைக்குக் கெளம்பி, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கிட்டே நாற்காலில உக்காந்தாரு. அவ்ளோதான். நாளைக்கு அடக்கம். அடக்க அட்டை அடிக்கணும். எனக்கு ஒண்ணுன்னா கலியபெருமாளுதான் பாக்கணும்னு எப்பவோ சொல்லி வச்சிருந்தாரு.”

அவரை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு: அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய்; பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதற்கு முசியே, ஊரும் அவரை அப்படியே அழைத்தது. அவர் மீசையின் ஒரு முனை வீராம்பட்டினத்தையும் மறுமுனை பாரீஸையும் காட்டும். அவர் தும்மினால் துறைமுகத்தில் கப்பல்கள் திசை மாறும்.

எங்கள் பழக்கம் அவரை நான் சாகடித்ததில் தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன், இதே மகளின் கல்யாணப் பத்திரிகை எங்களிடம் வந்தது. கம்ப்யூட்டரில் வேறொரு குடும்பத்தின் பழைய பத்திரிகையை எடுத்துப் பெயர்களை மாற்றினார்கள். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் இருந்த ‘காலஞ்சென்ற’ என்ற சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நான் படித்தேன். அடியில் ‘சரி’ என்று எழுதினேன். நானூறு பத்திரிகைகள் காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் பறந்தன. பதினாறாயிரம் இரங்கல் கடிதங்கள் வந்து தபால்காரரின் சைக்கிள் வளைந்துபோனது.

மறுவாரம் முசியே வந்தார். “இங்க பிழை பாக்கறது யாரு?”

எழுந்து நின்றேன்.

“நல்லாப் பாருய்யா. செத்துட்டேனா?”

“இல்லீங்க முசியே.”

“பிரான்சுக்காரனுக்கு வருஷா வருஷம் நேர்ல போயி, உயிரோடதான் இருக்கேன்னு காட்டிட்டு வரேன். இனிமே ஒனக்கும் காட்டணுமா?”

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சொன்னது விளையாட்டல்ல. பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும். அதிகாரி முகத்தைப் பார்த்து, இந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காகிதத்தில் முத்திரை குத்துவார்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஏற்கெனவே கவலைப் பரம்பரை. பஸ் அரியாங்குப்பத்துப் பாலத்தில் ஏறினால், பாலத்தைத் தாங்கிப் பிடிப்பதே என் மூச்சுதான் என்று அடக்கிக்கொள்வேன். பூட்டிய கதவைப் பார்க்கப் பாதி வழியில் திரும்பிய தூரத்தைச் சேர்த்தால் காசிக்குப் போய் வந்திருக்கலாம். இந்தப் பிழைக்குப் பிறகு, நான் ‘சரி’ போட்ட ஒவ்வொரு பத்திரிகையும் எங்கோ ஒருவரைக் கொன்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. முதலில் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. பிறகு குளிக்க முடியவில்லை. பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. பத்தொன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுவருக்கே அலுத்துப்போய் அது மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. என் மனைவி சம்பூரணம் என்னைத் தனியே விட்டு ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு முசியே தம் மொபெட்டில் ஆற்றைக் கடந்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இன்னாய்யா இது? செத்தது நானு. நீ ஏன் படுத்துக்கெடக்கற?”

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எழுதினார்: ‘கலியபெருமாள். பார்க்கப்பட்டார். உயிருடன் இருக்கிறார்.’ கீழே ராணுவக் கையெழுத்து.

“வர்ற செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு எங்க வூட்டுக்கு வந்து நிக்கணும். பாத்துட்டு இதே மாதிரி எழுதிக் குடுப்பேன்.”

“எனக்கு எதுவுமே புடிக்கல முசியே.”

“புடிக்குதான்னு அந்தக் காயிதத்துல கேள்வியே கெடையாது. சந்தோஷமா இருக்கியான்னும் கேக்க மாட்டான். உயிரோட இருக்கியா, நேர்ல வந்தியா, அவ்ளோதான். குளிக்காம வந்தாலும் முத்திரை உண்டு.”

செவ்வாய்க்கிழமை சம்பூரணம் என்னைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றினாள். குளிக்காமல்தான் போனேன். முத்திரை கிடைத்தது.

மூன்றாவது செவ்வாய் அவர் என்னை அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் வரிசைக்கு அழைத்துப்போனார். “பைத்தியம்னு எழுதிடுவாங்களா?” என்றேன். அவர் பையைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றைக் காட்டினார். “பட்டாளத்துல இருந்து வந்த நாள்லேர்ந்து முழுங்கறேன். எம் மீசை கொட்டிப்போச்சா?” என்றார். அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு என்னுடையதாக இருக்க வேண்டும்.

மாத்திரை மெல்ல வேலை செய்தது. கவலை உடனே விட்டுப்போகவில்லை. அதற்கும் அவர் ஒரு சட்டம் வைத்தார். “வெள்ளிக்கெழமை கவலை வந்தா, செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு நேர்ல வான்னு சொல்லி அனுப்பு. நேர்ல வராத கவலைக்கு இங்க முத்திரை கெடையாது.” நான் ஒரு வாரத்தில் எழுநூறு கவலைகளுக்கு நேரம் கொடுத்தேன். செவ்வாயன்று பார்த்தால் நாலைந்துதான் வந்து நிற்கும். அவற்றை மட்டும் இருவரும் காபியோடு விசாரிப்போம்.

ஒரு செவ்வாய், அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மகள் திறந்து, “மூணு நாளா யாரையும் பாக்க மாட்டேங்கறாரு மாமா” என்றாள். உள்ளே முசியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மீசை தொங்கியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து எழுதினேன்: ‘அந்துவான் சவரிராயன். பார்க்கப்பட்டார். உயிருடன் இருக்கிறார்.’

திரும்பாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

“பிழை இல்லையே?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன் முசியே.”

“அப்ப சரி” என்றார். அன்றிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் அதிகாரி.

அவருடைய சீட்டுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் சம்பூரணம் என்னைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். மாத்திரையும் தொடர்கிறது. முசியேயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வழக்கத்தைத்தான்: நன்றாக இருக்க முடியாத நாளிலும் போய் நிற்பது.

நான் சொன்னதில் மீசை பொய். பதினாறாயிரம் கடிதம் பொய். சுவர் திரும்பிப் படுத்தது பொய். பத்தொன்பது நாள் என்றதும் பொய்தான், அதைவிட அதிகம். ஆனால் இன்னும் சொல்லாத ஒரு சின்ன இடம் முழுக்க உண்மை, அதை ஒப்புக்கொண்டு நிறுத்துகிறேன்.

அந்தச் சனிக்கிழமை, அடக்க அட்டையின் முதல் பிரதி என் மேசைக்கு வந்தது. ‘காலஞ்சென்ற திரு. அந்துவான் சவரிராயன்’ என்று இருந்தது. என் பென்சில் என்னைக் கேட்காமல் அந்த முதல் சொல்லை அடித்தது.

கம்ப்யூட்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். “இன்னாண்ணா, இந்த வாட்டி சரியாத்தான போட்டிருக்கேன்?”

அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்தேன். எங்கள் தொழிலில் அதற்கு, ‘அடித்தது தவறு, இருந்தபடியே இருக்கட்டும்’ என்று பொருள். எழுத்துக்கு ஒன்றாக ஆறு புள்ளிகள். அவற்றை வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.